டயாலிசிஸ் பிரிவுகளை எப்படிப் பரப்புவது: சேலம் மாவட்ட மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர் ஆகியோருக்கு,

வணக்கம்.

சேலம் மாவட்டத்தில் டயாலிசிஸ் வேலையோடு அன்றாடம் புழங்குகிற டெக்னீஷியன்கள், செவிலியர்கள், சிறுநீரக மருத்துவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

வட்டத்துக்கு வட்டம் டயாலிசிஸ் பிரிவு வேண்டும் என்ற கோரிக்கை நாலாபக்கமிருந்தும் வருகிறது. நியாயமான கோரிக்கைதான். தலைவாசலிலிருந்தோ கொளத்தூரிலிருந்தோ வாரம் மூன்று முறை சேலம் வந்துபோனால் நோயாளியின் கூலியும் போகிறது, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. அதனால் பிரிவுகள் பரவட்டும். ஆனால் இரண்டு மூன்று மெஷினை ஒரு மருத்துவமனையில் இறக்கி, இரண்டு டெக்னீஷியனைப் போட்டு, அதோடு விட்டுவிட்டால் அங்கே வருகிறவர்களின் ஆயுள் கூடும் என்று சொல்வதற்கில்லை. சின்னப் பிரிவு ஒவ்வொன்றும் பெரிய மருத்துவமனையோடு ஆளாலும் வேலைமுறையாலும் கணக்காலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இதுதான் எங்கள் வேண்டுகோள். ஏன், எப்படி என்பதை விவரமாகச் சொல்கிறோம்.

ஒரு மருத்துவமனை எத்தனை பேரைக் கவனிக்கிறது, அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற உறவைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ரத்த டயாலிசிஸில் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. சில ஆய்வுகள் பெரிய மையத்துக்குச் சாதகம், சிலவற்றில் வேறுபாடு இல்லை. வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுத்துக் கழிவை நீக்கும் வயிற்று வழி டயாலிசிஸில் விஷயம் தெளிவு: நெதர்லாந்தில் 2002-இல் வெளிவந்த ஆய்வில், 20 பேருக்கும் குறைவாக வைத்திருந்த மையங்களில்தான் சிகிச்சை பாதியில் தோற்று வேறு முறைக்கு மாறவேண்டி வந்தது அதிகம். எண்ணிக்கை தானாக யாரையும் காப்பாற்றாது. நிறையப் பேரைப் பார்ப்பதால் கை பழகுகிறது, கண் பழகுகிறது. தவறு நடந்தால் பக்கத்திலேயே தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். காப்பாற்றுவது அதுதான்.

புது ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாயை, எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். குழாய் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டும், தோலுக்கு 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 600 மில்லி ரத்தம் ஓட வேண்டும். முதல் ஊசி 17 கேஜ், பம்ப் வேகம் நிமிடத்துக்கு 200 முதல் 250 மில்லி. கையை வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு மேலே வரை தொடர்ந்து தெரிய வேண்டும். நடுவில் நாடித்துடிப்பு போலத் துள்ளினால் மேலே எங்கோ அடைப்பு இருக்கிறது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிடலாம். ஊசி சுவரைத் தொட்டு உள்ளே நழுவும் அந்த நொடியை விரலால்தான் படிக்க முடியும். பின்சுவரைத் துளைத்துவிட்டால் கை வீங்கி நீலம் பாரிக்கும். அந்தக் கையை வாரக்கணக்கில் தொட முடியாது. அதுவரை கழுத்தில் ட்யூப். கழுத்து ட்யூப் என்றால் குளிர் ஜுரம், ரத்தத்தில் கிருமி, சில சமயம் இதய வால்வு வரை போகும். ஒரு ஊசியில் ஆரம்பித்தது மரணத்தில் முடியும் வழி இதுதான்.

பெரிய பிரிவில் இப்படிப்பட்ட புதுக் கை அடிக்கடி வரும். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் வருகிற பிரிவில் மாதக்கணக்கில் ஒன்றுகூட வராது. அங்கிருக்கும் டெக்னீஷியன் மேல் குற்றமில்லை, பழகுவதற்கு அவருக்கு வாய்ப்பில்லை. ஆகவே புது ஃபிஸ்டுலாவின் முதல் ஆறு சிட்டிங்கும் பெரிய மருத்துவமனையில், அங்குள்ள மூத்த கையால் நடக்கட்டும். கூடவே நோயாளியின் ஊர் டெக்னீஷியனும் வந்து நிற்கட்டும். ஏழாவது ஊசியை அவரே போடுவார், எந்த இடத்தில் குத்த வேண்டும் என்ற வரைபடம் அவர் கையில் இருக்கும். ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பக் குத்தி அங்கே பலூன் போலப் புடைக்க விடாமல், ஏணிப்படி மாதிரி இடம் மாற்றிக்கொண்டே போக அந்தப் படம் உதவும்.

இன்னொரு முக்கியமான காரியம் நேரம். ஒரு மெஷின், நாளுக்கு மூன்று ஷிஃப்ட், வாரம் ஆறு நாள் என்றால் 18 இடம். ஒருவர் வாரம் மூன்று முறை வந்தால் அந்த மெஷின் ஆறு பேரைத் தாங்கும், இரண்டு முறைதான் என்றால் ஒன்பது பேரை. ஐந்து மெஷின் உள்ள பிரிவு 30 பேருக்கு முழுச் சிகிச்சை தரும், அல்லது 45 பேருக்கு அரைகுறைச் சிகிச்சை தரும். காத்திருப்போர் பட்டியல் நீளும்போது பிரிவுகள் 45-ஐ நோக்கிச் சரிகின்றன. அதற்கும் மேலே போனால் நாலாவது ஷிஃப்ட்டை நுழைக்க நாலு மணி நேரத்தை மூன்றாகக் குறைக்கிறார்கள். காப்பீட்டில் ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. மூன்று மணி நேரமானாலும் நாலு மணி நேரமானாலும் பணம் ஒன்றுதான் என்பதால் தட்டிக்கேட்க யாரும் இல்லை.

அந்த ஒரு மணி நேரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. 50 கிலோ எடையுள்ளவர் உடம்பிலிருந்து மணிக்கு கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் நீர் இறக்கினால் இதயத்துக்கு ஆபத்து. நாலு மணி நேரத்தில் அவரிடம் 2,600 மில்லி இறக்கலாம். மூன்று மணி நேரத்தில் 1,950 மில்லிதான். அவர் உடம்பில் மூன்று கிலோ நீர் ஏறி வந்திருக்கிறார். நேரத்தைக் குறைத்தால் இரண்டே வழி: வேகமாக இறக்கி பிரஷர் விழ வைப்பது, இல்லையென்றால் ஒரு கிலோ நீரை உள்ளேயே விட்டு அனுப்புவது. பிரஷர் விழுந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வாந்தி வரும், இதயத் தசைக்கு ரத்தம் குறையும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இதயம் அடிபடுகிறது. நீரை விட்டு அனுப்பினால் ராத்திரி மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் வருகிறார். இந்த நோயாளிகளில் இதயத்தால் இறப்பவர்களே அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

இடைவெளியும் அப்படித்தான். அமெரிக்காவில் சுமார் 32,000 பேரின் விவரத்தைப் பார்த்த 2011 ஆய்வில், வார இறுதியில் வரும் இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணமும் மாரடைப்பும் கூடுதல் என்று தெரிந்தது. அங்கே இரண்டு நாள். வாரம் இரு முறை வருகிற நம் ஆட்களுக்கு ஒரு இடைவெளி இரண்டு நாள், அடுத்தது மூன்று நாள். ஆடிப் பண்டிகை, தீபாவளி, பொங்கல் என்று பிரிவை ஓரிரு நாள் மூடினால் அது நாலு, ஐந்தாகும். மாம்பழக் காலத்தில் ஐந்து நாள் என்பது பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகப் போதும். பண்டிகை நாள் ஷிஃப்ட்டை முன்கூட்டியே மாற்றி எழுதித் தொங்கவிடும் பொறுப்பை ஒருவர் பெயருக்கு ஒதுக்குங்கள்.

சிகிச்சை போதுமா என்று அறிய மாதம் ஒரு முறை யூரியா குறையும் விகிதம் பார்க்க வேண்டும். மெஷினில் ஏறும்போது ரத்தத்தில் யூரியா 140, இறங்கும்போது 50 என்றால் 64 சதவீதம் குறைந்திருக்கிறது. 65-ஐத் தொட வேண்டும். இந்த ரத்தத்தை எடுப்பதிலும் பிழை நேர்கிறது. பம்ப்பை 100-க்குக் குறைத்து 15 விநாடி கழித்து, நோயாளியிடமிருந்து வருகிற பக்கத்தில் எடுக்க வேண்டும். சுத்தமாகித் திரும்பிப் போகிற பக்கத்தில் எடுத்தால் 80 சதவீதம்கூடக் காட்டும். காகிதத்தில் அருமையான பிரிவு, கட்டிலில் வாந்தியெடுக்கும் நோயாளி.

தண்ணீரைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெஷின் வாங்கும் கோப்பில் தண்ணீர் ஒரு வரியாகத்தான் வருகிறது.

டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். ஐந்து மெஷின், மூன்று ஷிஃப்ட் என்றால் நாளுக்கு 1,800 லிட்டர். அலசல், கிருமிநீக்கம் சேர்த்தால் 2,000-ஐத் தாண்டும். ஆர்.ஓ. பாதியைக் கழித்து வெளியே தள்ளும் என்று வைத்தால் உள்ளே வரவேண்டியது 4,000 லிட்டருக்கு மேல். ஒரு ஆள் குடிப்பது நாளுக்கு இரண்டு லிட்டர், அதுவும் குடல் வடிகட்டி அனுப்பும். இங்கே 120 லிட்டர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ரத்தம்.

நம் ஊர்த் தண்ணீருக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. மேக்னசைட் வெட்டியெடுக்கும் பூமி இது, போர் தண்ணீர் கடினம். கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் பழுதாகி, ஆர்.ஓ.வும் சரியில்லாமல் கால்சியமும் மெக்னீசியமும் கடந்துபோனால், மெஷினில் ஏறிய கொஞ்ச நேரத்தில் குமட்டல், தலைவலி, உடம்பெல்லாம் சூடு, பிரஷர் எகிறும். ஒரே ஷிஃப்ட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றுபோல வந்தால் நோயாளியைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். சாஃப்ட்னருக்கு உப்பு போட்டாயிற்றா என்று காலையிலும், கடினத்தன்மை எவ்வளவு என்று நாள் முடியும்போதும் பார்க்க வேண்டும்.

குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் இன்னொரு சிக்கல். அதில் குளோரின் கலக்கிறார்கள், மழைக்காலத்திலும் வயிற்றுப்போக்கு பரவும்போதும் கூடுதலாகக் கலக்கிறார்கள். குடிப்பவருக்கு அது நல்லது. டயாலிசிஸில் ஏறினால் ரத்த அணுக்கள் உடையும், ட்யூபில் ஓடும் ரத்தம் தெளிந்த திராட்சை ரச நிறத்துக்கு மாறும், நெஞ்சும் முதுகும் வலிக்கும். அப்படித் தெரிந்தால் உடனே கிளாம்ப் போட வேண்டும், ட்யூபில் இருக்கும் ரத்தத்தைத் திரும்ப உடம்புக்குள் விடவே கூடாது. இதைத் தடுப்பது கார்பன் டேங்க். அது ஒன்று போதாது, அடுத்தடுத்து இரண்டு வேண்டும், ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஐந்து நிமிடமாவது தங்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முன்னால், ஆர்.ஓ. ஓடத் தொடங்கி 15 நிமிடம் கழித்து, இரண்டு டேங்குக்கும் நடுவில் உள்ள குழாயில் தண்ணீர் பிடித்து மொத்தக் குளோரின் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இரண்டாவது டேங்குக்குப் பின்னால் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் ஷிஃப்ட்டை நடத்திக்கொண்டே முதல் டேங்கை மாற்ற ஏற்பாடு செய்யலாம். அங்கேயும் தாண்டியிருந்தால் நிறுத்த வேண்டும், யார் சிபாரிசு செய்தாலும். மாநகராட்சி, குடிநீர் வடிகால் வாரியம் இரண்டும் குளோரின் அளவைக் கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவுக்கும் போன் செய்யட்டும். ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை போட்டால் முடிகிற வேலை, ஒரு பைசா செலவில்லை.

கோடையில் லாரித் தண்ணீர் வந்து இறங்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. 1996-இல் பிரேசிலில் கரூவாரு என்ற ஊரில் நீர்த்தேக்கத்துத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து சரியாகச் சுத்திகரிக்காமல் டயாலிசிஸுக்குப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு ஈரலைத் தாக்கி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் பச்சைப் படலம் மிதப்பதும் நாற்றம் அடிப்பதும் நாம் அறியாததல்ல. அந்தக் காலத்தில் லாரித் தண்ணீரை டயாலிசிஸ் தொட்டிக்கு விடக்கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும்.

மாதம் ஒரு முறை கிருமிப் பரிசோதனை: ஒரு மில்லியில் 100-க்குக் கீழே, 50-ஐத் தொட்டதும் குழாய்களைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். செத்த கிருமியிலிருந்தும் வரும் நஞ்சான எண்டோடாக்ஸின் ஒரு மில்லியில் 0.25 யூனிட்டுக்குக் கீழே, 0.125-லேயே விழித்துக்கொள்ள வேண்டும். கார்பன் டேங்க் குளோரினை எடுத்துவிடுவதால் அதற்குப் பின்னால் கிருமிக்குத் தடையில்லை, அதனால்தான் இந்தப் பரிசோதனை. இரண்டு மெஷின் பிரிவில் இதைச் செய்ய ஆய்வகம் இருக்காது. மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்ப ஒரு வண்டி, ஒரு தேதி இருந்தால் போதும்.

மஞ்சள் காமாலைக் கிருமிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி அறை, தனி மெஷின், அந்த ஷிஃப்ட்டில் அவரைப் பார்க்கும் செவிலியர் வேறு யாரையும் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு இரட்டை அளவுத் தடுப்பூசி, 0, 1, 2, 6 மாதங்களில். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்துக் குப்பியைக் கட்டில் கட்டிலாகத் தூக்கிக்கொண்டு போகாமல் தனி மேசையில் நிரப்ப வேண்டும். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரை மறுபடி பயன்படுத்தினால் உள்கொள்ளளவு முதல் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனதும் தூக்கி எறிய வேண்டும். மூன்று மெஷின் மட்டுமுள்ள பிரிவில் தனி அறைக்கு வழியில்லை; ஆகவே ஹெபடைடிஸ் பி உள்ளவரை அங்கே ஏற்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவும், அவருக்குப் பயணச் செலவு தரவும் விதி வேண்டும்.

ஆள் பலம். மூன்று மெஷினுக்கு ஒருவராவது எப்போதும் அறைக்குள் இருக்க வேண்டும். பம்ப் வேகம் 300 என்றால், ரத்தம் திரும்பிப் போகும் ஊசி கழன்றுவிட்டால் மூன்று நிமிடம் சொச்சத்தில் ஒரு லிட்டர் ரத்தம் மெத்தையில் இருக்கும். மெஷின் அலாரம் எல்லாத் தடவையும் அடிக்காது. ஏசிக் குளிருக்கும் மார்கழிப் பனிக்கும் நோயாளிகள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்வார்கள். ஊசி போட்ட கை மட்டும் வெளியே தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு கட்டிலிலும் எழுதி ஒட்டுங்கள்.

இனி ஏற்காடு. சேர்வராயன் மலையில் இரண்டு மெஷின் வைத்துத் தாருங்கள் என்ற கோரிக்கையின் பின்னால் இருக்கும் கஷ்டம் எங்களுக்குப் புரிகிறது. நாகலூரிலிருந்து பஸ் பிடித்து ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாலு மணி நேரம் படுத்து, பிரஷர் விழுந்த உடம்போடு அதே இருபது வளைவும் ஏறிப் போக வேண்டும். மே மாதக் கோடை விழாவில் மலைப்பாதை நெரிசல் வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஆனாலும் மலையில் இரண்டு மெஷின் என்பது நாங்கள் மேலே சொன்ன எல்லா ஆபத்தையும் ஓரிடத்தில் குவிப்பதாகும். கெட்டுப்போன ஆர்.ஓ. மோட்டாருக்கு ஆள் கீழேயிருந்து வர வேண்டும்.

மலைக்கு ஏற்றது வயிற்று வழி டயாலிசிஸ், நாம் சி.ஏ.பி.டி. என்று சொல்வது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே இதற்கான திரவப் பைகளை வீட்டுக்குத் தரும் ஏற்பாடு உண்டு. நாளுக்கு நாலு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர். மாதத்துக்கு 120 பை, 240 லிட்டர், அட்டைப்பெட்டியோடு கால் டன்னுக்கு மேல். தோட்டத்து லைன் வீட்டில் இதை வைக்க இடம் வேண்டும். ஈரத்தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு மாதச் சரக்கு கூடுதலாக ஏற்காடு அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

பை மாற்றும்போது ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கையை சோப்பால் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரக் கையில்தான் கிருமி நிற்கும். மலைக்குளிரில் பையைச் சூடாக்கக் கொதிநீரில் போடும் பழக்கம் வந்துவிடும். அது கூடாது, முனை நனைந்தால் தண்ணீரிலுள்ள கிருமி வயிற்றுக்குள் போகும். ஹீட்டிங் பேட் போன்ற உலர்ந்த சூடு மட்டும். வெளியே வந்த நீரை அச்சடித்த தாளின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து படிக்க முடியவில்லை என்றால் வயிற்றில் கிருமி என்று கொள்ளுங்கள். அந்தப் பையைக் கொட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஏற்காடு மருத்துவமனைக்கு வர வேண்டும். கிருமியைக் கொல்லும் செஃபசோலின், செஃப்டாசிடிம் மருந்துகள் இரண்டும் அங்கே இருப்பில் இருக்க வேண்டும், பைக்குள் மருந்து செலுத்தத் தெரிந்த செவிலியர் ஒருவர் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் இருக்க வேண்டும். சேலத்துக்கு அனுப்பிவிட்டு மறுநாள் ஆரம்பிக்கலாம் என்றால் குழாயை எடுக்கும்படி ஆகிவிடும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. பலமுறை வயிற்று அறுவை ஆனவர், குடலிறக்கம் உள்ளவர், பார்வை மங்கித் துணையில்லாதவர் ஆகியோருக்கு ரத்த டயாலிசிஸ்தான். அவர்களுக்கு வாரம் மூன்று நாள் வண்டியும், புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு நாள் முன்னதாகக் கீழே அழைத்துத் தங்கவைக்க அடிவாரப் பக்கம் ஓர் இடமும் வேண்டும்.

இங்கே நோயாளி எண்ணிக்கை நேரடியாகப் பேசும். ஆத்தூரில் மூன்று பேர், மேட்டூரில் நாலு பேர், ஏற்காட்டில் இரண்டு பேர் என்று சி.ஏ.பி.டி. சிதறினால் யாருக்கும் கை பழகாது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே குழு, ஒரே பயிற்சி அறை, ஒரே போன் எண் என்று வைத்தால் எண்ணிக்கை 20-ஐத் தாண்டும். வயிற்றுக் கிருமி ஆண்டுக்கு ஒருவருக்கு 0.4 தடவைக்கு மேல் போகக்கூடாது என்பது உலக அளவில் ஏற்ற வரம்பு. 30 பேர் இருந்தால் ஆண்டுக்கு 12 தடவை. 13-ஆவது வந்ததும் பயிற்சியை மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசியாக, கணக்கு. எத்தனை மெஷின், எத்தனை சிட்டிங் என்று மாதாந்திரக் கூட்டத்தில் கேட்கிறீர்கள். வந்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் விதமும் முக்கியம். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் மூன்று மாதத்தில்தான் இறப்பு அதிகம். 90 நாள் கழித்து எண்ணத் தொடங்கினால் அந்த மரணங்கள் கண்ணுக்கே படாது. முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். வருவதை நிறுத்தியவர் வீட்டுக்கு கிராமச் சுகாதாரச் செவிலியர் போய்ப் பார்த்து, உயிரோடு இருக்கிறாரா என்று எழுத வேண்டும். அவரைச் சிகிச்சையை விட்டு விலகியவர் என்று மட்டும் குறித்து மூடிவிடக்கூடாது.

எண்களை வைத்துப் பிரிவுகளை அவசரமாக எடைபோடவும் வேண்டாம். கடுமையான நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதால் சின்னப் பிரிவில் இறப்பு குறைவாகத் தெரியலாம். வயது, சர்க்கரை நோய், கழுத்து ட்யூபா ஃபிஸ்டுலாவா என்ற மூன்றையும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதினால்தான் ஒப்பிட முடியும். 20 பேர் உள்ள பிரிவில் நாலு பேர் இறப்பார்கள் என்று எதிர்பார்த்து ஏழு பேர் இறந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். 200 பேர் உள்ள இடத்தில் 40 என்று எதிர்பார்த்து 70 ஆனால் தற்செயல் இல்லை. சின்னப் பிரிவுக்கு மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், அதோடு ஒவ்வொரு மரணத்தையும் பெரிய மருத்துவமனைக் குழுவோடு உட்கார்ந்து தனித்தனியாகப் பேசுங்கள்: கடைசி சிட்டிங் எத்தனை மணி நேரம், எவ்வளவு நீர் இறக்கினார்கள், கடைசி யூரியா விகிதம் என்ன, ட்யூப் போட்டு எத்தனை நாள்.

புதுப் பிரிவு திறக்கும் அரசாணையிலேயே மூன்று வரி சேருங்கள். சிறுநீரக மருத்துவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நேரில் வருவார். அங்குள்ள டெக்னீஷியன் ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு மாதம் பெரிய பிரிவில் வேலை செய்வார், அந்த மாதம் அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். எந்தப் பிரிவிலும், மருத்துவர் எழுதித் தந்தாலொழிய, நாலு மணி நேரத்துக்கு முன் நோயாளியை இறக்கக்கூடாது. பெரிய மருத்துவமனைக்கும் இது பொருந்தும். அங்கே இடம் நிரம்பினால் மெஷினும் ஆளும் கூட்டுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

பதிவேட்டின் மாதிரிப் படிவத்தையும், ஷிஃப்ட் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய தண்ணீர் அளவுகளைக் கொண்ட ஒரு பக்க அட்டையையும் நாங்களே தயாரித்துத் தருகிறோம். எந்த நாளில், எந்த அலுவலகத்தில் தர வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேலம் மாவட்ட டயாலிசிஸ் பிரிவுகளில் பணிபுரிவோர்